மூன்றாம் முறை

புற்றுக்கட்டிக்குள்ளேயே ஊசிகளைச் செருகி, அவற்றின் வழியாகக் கதிரியக்கம் கொடுக்கும் சிகிச்சையைப் பழக ஒரு மருத்துவமனைக்கு ஓர் இளம் மருத்துவர் வந்திருந்தாள். பழகுவதற்கு மார்பு வடிவில் ஒரு ஜெல் பொம்மை இருந்தது. முதல் இரண்டு முறையும் ஊசி கோணலாகப் போனது. இன்னொரு முறை தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம் என்றார் தலைமை மருத்துவர். மூன்றாம் முறை அவள் பொம்மையிடம், "கொஞ்சம் பொறுத்துக்கங்கக்கா" என்று முணுமுணுத்துவிட்டுக் குத்தினாள். ஊசி நூல் பிடித்தாற்போல இறங்கியது.

அவளுடைய முதல் நோயாளி, பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண். அந்த மருத்துவமனைக்கு அந்த வாரம்தான் முதன்முதலாக வந்திருந்தார். மருத்துவரின் குரலைக் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்தது.

"அட, நீங்கதானா டாக்டர்! மொத ரெண்டு தடவை உயிரே போச்சு. மூணாவது தடவை குத்தினதே தெரியல."

"உங்களுக்கு இதுதானேக்கா மொத தடவை?"

"பயப்படாம பண்ணுங்க. நான் பொறுத்துக்கறேன்."

அன்று எல்லா ஊசிகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஸ்கேனைப் பார்த்த தலைமை மருத்துவர் எழுந்து நின்று கை தட்டினார்.

ஆறு மாதத்தில் கட்டி இருந்த சுவடே இல்லை. செய்தியைக் கேட்ட வேன்காரம்மா மருத்துவரை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றினார். இறக்கிவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்.

"புதுசா யாராவது பழக வந்திருக்காங்களா டாக்டர்? வரச் சொல்லுங்க. இப்ப எனக்கு நல்ல தெம்பு இருக்கு."