ஆறும் வரை

பதினான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றிய மணிவேலுக்கு, மூடும்போது பதின்மூன்றுதான் கிடைத்தன.

கட்டிலுக்கு அடியில் தேடினான். பிறகு அது தேவையில்லாத ஸ்க்ரூ என்று முடிவு செய்தான்.

எதிரே இருந்தது ஒரு பழைய வீடியோ கேம் கன்சோல். தேரடித் தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் பரசுராமனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போட்ட இருபத்தைந்தாவது நிமிஷம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். ஒரு தடவை 'பீப்' என்று கத்திவிட்டுத் தானாக அணைந்துவிடும்.

"அக்னி ஸ்தலங்க நம்ம ஊரு. மலையே நெருப்பு. பொட்டி மட்டும் சூடாவக் கூடாதுன்னா எப்டி?" என்றார் பரசுராமன். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.

மணிவேலுக்குக் கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்தவன், ஒரு டம்ளரில் செல்போனைச் சாய்த்து வைத்து, வீடியோ பார்த்துக்கொண்டே தானே பெட்டியைத் திறந்துவிட்டான்.

உள்ளே விசிறி தெரியவில்லை. தூசி கம்பளியாகப் படர்ந்திருந்தது. அதை உரித்தபோது, காய்ந்துபோன பல்லி ஒன்று வாலோடு கூடவே வந்தது.

பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று காலண்டரின் பின்பக்கத்தில் தலை முதல் பாதம் வரை போட்டிருந்தார்கள். கன்சோலுக்குள் விழுந்தால் என்ன என்று போடவில்லை.

சூட்டை இழுப்பதற்காகச் சிப்பின் மேல் தடவியிருந்த பழைய பேஸ்ட் சுண்ணாம்பாக இறுகியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புது பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைக்கச் சொன்னார் வீடியோக்காரர். காய்ந்த பட்டாணியா, பச்சைப் பட்டாணியா என்று சொல்லவில்லை. மணிவேல் நடுவாந்தரமாக வைத்தான்.

விளையாடுவது அவன் இல்லை. இனியா.

இனியாவுக்குப் பதினொரு வயது. கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்திலிருந்து மாலை நாலு வரை, வேங்கிக்காலில் இருக்கும் அப்பாவின் இந்த மாடி போர்ஷனுக்கு வருவாள். கோர்ட் உத்தரவில் அப்படித்தான் இருந்தது.

'குழந்தை விரும்பினால்' என்றும் அதில் ஒரு வரி இருந்தது. மணிவேல் அந்த வரியைத்தான் அதிகம் படித்திருந்தான்.

குழந்தை விரும்புகிற மாதிரி தன்னிடம் இருப்பது இந்தப் பெட்டி ஒன்றுதான் என்று அவன் நினைத்தான். அதுவும் அரை மணிக்கு ஒரு தரம் அணைந்தால், எத்தனை ஞாயிறு வருவாள்?

அணையும்போதெல்லாம் இருவரும் டேபிள் ஃபேனைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். ஆற கால் மணி நேரம் ஆகும். வேறு வேலை இல்லாததால் இனியா பேசுவாள். அவனைப் பார்த்து இல்லை, பெட்டியைப் பார்த்து.

கணக்கு மிஸ்ஸுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனது. தாத்தா மணிலாக் கடலைக்கு மருந்தடிக்கப் போய் மயங்கி விழுந்தது. அம்மா ஸ்கூட்டி பழகியது, இரண்டு தடவை வாய்க்காலில் விட்டது. மணிவேலும் பெட்டியைப் பார்த்தே பதில் சொல்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும், "சரி பண்ணிட்டேன். இனிமே ஆஃப் ஆவாது," என்றான்.

"ம்," என்றாள் இனியா.

கார் ரேஸ். இருபத்தைந்து நிமிஷம் தாண்டியது. மணிவேல் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டான். ஐம்பது நிமிஷம். பெருமை அப்படியேதான் இருந்தது. ஒரு மணி பத்து நிமிஷம் ஆனபோது, இவ்வளவு நேரமும் தான் அவள் பின்னலையே பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

ஸ்கூல் எப்படி என்று கேட்டான். ம் என்றாள். தாத்தாவுக்கு இப்போது பரவாயில்லையா என்றான். அதற்கும் ம். எலுமிச்சை சாதமா, தயிர் சாதமா என்று கேட்டதற்கும் அதே பதில் வந்ததால் இரண்டையும் வைத்தான். ஒரு ரேஸுக்கும் அடுத்த ரேஸுக்கும் நடுவில் சாப்பிட்டு முடித்தாள்.

உள்ளே விசிறி சத்தமில்லாமல் ஓடியது, வீடியோக்காரர் சொன்னபடியே.

இரண்டே கால் மணிக்கு, நடு ரேஸில், இனியா காரை ஓரமாக நிறுத்தினாள். மற்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

எழுந்து போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு பட்டனை அமுக்கி அணைத்தாள்.

"சூடாயிடுச்சுப்பா."

மணிவேல் எழுந்தான். எங்கே தப்பு செய்தோம் என்று யோசித்தபடியே வந்து கையை நீட்டினான்.

"தொடாதப்பா. சுடும்."

அதற்குள் தொட்டுவிட்டான்.

சித்திரை மாதம். மேலே மொட்டை மாடி. சுவர் சுட்டது, தரை சுட்டது, குழாயில் வந்த தண்ணீர் சுட்டது. வீட்டில் சுடாமல் இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

இனியா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணிவேல் கையை வெடுக்கென்று இழுத்து உதறினான். விரல் நுனிகளை ஊதிக்கொண்டான்.

அவள் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

"ஆற எவ்ளோ நேரம்பா ஆவும்?"

"இன்னிக்கி சூடு ஜாஸ்தி," என்றான் மணிவேல். "நாலு மணி ஆயிடும்."