அடுத்த ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்

"அண்ணே, அந்தம்மா இன்னைக்கும் ஏறிருச்சு."

மயில்சாமி டிரைவரின் காதருகே குனிந்து சொன்னான்.

"ஏறினா டிக்கெட்டக் கிழிச்சுக் குடு. என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றார் டிரைவர் சின்னக்கருப்பன், கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தபடி.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகும் காலை பஸ். கண்டக்டர் மயில்சாமிக்கு இந்த ரூட்டில் ஆறு வருஷம். பூண்டு வியாபாரி, பள்ளிக்கூட டீச்சர், கேமராவும் கையுமாக வரும் டூரிஸ்ட், யார் எங்கே இறங்குவார்கள், எதற்கு இறங்குவார்கள் என்று அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

இந்த ஒரு பெண்தான் பிடிபடவில்லை.

நாற்பத்தஞ்சு வயசிருக்கும். படிக்குப் பக்கத்து முன்சீட்டைத் தவிர வேறெங்கும் உட்கார மாட்டாள். மடியில் ஒரு துணிப்பை. அதை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பாள். உதடு எதையோ எண்ணிக்கொண்டே இருக்கும்.

முதல் நாலு நாள் பக்கத்திலேயே இருக்கும் அப்சர்வேட்டரி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்தாள். பிறகு அதற்கு அடுத்த ஸ்டாப். ரெண்டு மூணு நாள் கழித்து இன்னும் ஒன்று தள்ளி.

இறங்குகிற இடத்தில் வீடு கிடையாது, கடை கிடையாது. மரமும் மூடுபனியும்தான். அங்கே தனியாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். எதிரே வரும் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடுவாளாம். அந்த பஸ் கண்டக்டரே சொன்னான்.

"இந்தக் குளிர்ல அவளுக்கு மட்டும் நெத்தி வேர்க்குதுண்ணே. மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்?"

"என்ன, போதைக் காளான்ங்கிறியா?"

"வேற என்ன சோலி அவளுக்கு? ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு ஆள் செட் பண்ணிட்டு வர்றா. பொம்பளைன்னா யாரும் பையத் தொட மாட்டாகன்னு ஒரு தைரியம்."

"நீ பாத்தியா?"

"பாக்கத்தான போறேன்!"

அன்றிலிருந்து டிக்கெட் கொடுத்து முடித்ததும் நேராக வந்து அவள் சீட்டை ஒட்டிய கம்பியில் சாய்ந்துகொள்வான். கண் பையிலும் அவள் முகத்திலும் மாறி மாறி இருக்கும். அவள் இறங்கினால் வளைவு திரும்புகிற வரைக்கும் படியில் தொங்கிக்கொண்டே பார்ப்பான்.

இப்படியே ஒரு மாசம் ஓடியது.

நேற்று சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. பஸ்ஸில் நல்ல கூட்டம். ரெண்டு போலீஸ்காரர்களும் ஏறினார்கள். அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போயிற்று. ஸ்டாப் வருவதற்குள் எழுந்து, "இறக்கி விட்டுருங்க, இறக்கி விட்டுருங்க" என்று கெஞ்சி இறங்கி ஓடினாள்.

சாயங்காலமே தெரிந்த ஏட்டு ஒருவருக்கு மயில்சாமி போன் போட்டுவிட்டான்.

இன்று அவளிடம் போய் நின்றான்.

"எங்க?"

"பூம்பாறைக்கு ஒண்ணு" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

கடைசி ஸ்டாப்! பெரிய சரக்கு கைமாறப்போகிறது. மயில்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனில் ஏட்டுக்குத் தகவல் தட்டினான்.

பூம்பாறையில் அவள் படியிறங்கவும் ஏட்டு குறுக்கே வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"பேரென்னம்மா?"

"மு... முருகேஸ்வரி."

"பையக் காட்டு."

அவள் பையை நீட்டினாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வட்டம் கட்டினார்கள். மயில்சாமி படியில் நின்றபடி மீசையைத் தடவிக்கொண்டான்.

ஏட்டு டீக்கடை பெஞ்சில் பையைக் கவிழ்த்தார்.

ஒரு தண்ணீர் பாட்டில். நாலைந்து மாத்திரை அட்டை. கையால் பின்னிய ஒரு குட்டிக் கம்பளிக் குல்லா.

"என்ன மாத்திரை இதெல்லாம்?"

"மனசுக்குக் குடுத்தது சார். ஒண்ணரை வருஷமா முழுங்குறேன். மூணு தடவை மாத்தியும் குடுத்துப் பாத்துட்டாங்க. கேக்க மாட்டேங்குது. வாசப்படியைத் தாண்டினா நெஞ்சடைச்சு, இந்தா செத்தோம்னு வருது. நாளெல்லாம் போர்வைக்குள்ளயே கெடந்தேன் சார்."

"அப்பறம் தினமும் பஸ்ஸேறி எங்க போற?"

"ஆஸ்பத்திரியில ஒரு மேடம் சொன்னாங்க. மாத்திரைய நிறுத்தாத, அதோட சேத்து இதையும் செஞ்சு பாருன்னு. தினம் பஸ்ஸேறு, கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போ, பயம் வந்தா ஓடாத, அது தணியிற வரைக்கும் நின்னு பாருன்னாங்க. நேத்துக் கூட்டத்துல முடியல, ஓடிட்டேன். இன்னைக்கு எப்படியாச்சும் வந்துரணும்னு..."

குல்லாவை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"எம்மகளை இந்த ஊர்லதான் குடுத்திருக்கு. பேரன் பொறந்து அஞ்சு மாசமாச்சு சார். நான் இன்னும் மொகத்தப் பாக்கல."

வட்டம் கட்டியவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஏட்டு மாத்திரை அட்டைகளைத் தானே பொறுக்கிப் பைக்குள் போட்டார்.

"உங்க மேல ஒரு தகவல் வந்துச்சும்மா. அதான்..."

"எம்மேலயா? யாரு சார் சொன்னது?"

ஏட்டு மயில்சாமியைப் பார்த்தார். மயில்சாமி டிக்கெட் மெஷினைப் பார்த்தான்.

முருகேஸ்வரியும் திரும்பினாள். அவனைக் கண்டதும் அவள் முகத்தில் உயிர் வந்தது.

"அந்த அண்ணனையே கேளுங்க சார், எனக்கு அவருதான் சாட்சி! ஒரு மாசமா எம்மேல வெச்ச கண்ண எடுக்காம வந்தாரு. மயங்கி விழுந்தாத் தாங்கிப் பிடிக்க ஒரு மனுசன் இருக்காருங்கிற தைரியத்துலதான் சார், நான் ஒவ்வொரு ஸ்டாப்பா இவ்வளவு தூரம் வந்து சேந்தேன்."