பேரிக்காய் மரத்தடிக் காளான்

கொடைக்கானலில் இப்போதெல்லாம் காளானைக் கண்டால் படம் எடுத்து ஆய்வு மையத்துக்கு அனுப்பாத ஆளில்லை. அமலோற்பவமும் கொல்லைப் பேரிக்காய் மரத்தடியில் முளைத்திருந்ததை அனுப்பினாள். காளான் ஆய்வு மையத்திலிருந்து உடனே பதில் வந்தது.

"அரிய பதிவு, நன்றி. இது புதைத்த உடலின் மேல் மட்டுமே முளைக்கும் இனம். குடையின் நிறத்தையும் அளவையும் வைத்துச் சொன்னால், கீழே இருப்பது நாய். புதைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது."

வீட்டு நாய் சீசர் ஓடிப்போய்விட்டது என்று கணவர் சவரிமுத்து சொன்னதும் பதினான்கு மாதம் முன்புதான். அன்றிலிருந்து ஒரு மாலைகூடத் தவறாமல் அதைத் தேடிப் போகிறார். இருட்டிய பிறகே திரும்புவார்.

இன்றும் கண்ணாடி முன் நின்று தலையைப் படிய வாரிக்கொண்டிருந்தார்.

"ஏரிப் பக்கம் போய்ச் சீசரைத் தேடிட்டு வந்துடறேன் அமலா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இருங்க, இன்னைக்கு நானும் தேட வரேன்."