சங்கத்துக்கு ஒரு படம்

கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே மூன்று வரிசையாக நின்ற பறவை ஆராய்ச்சிச் சங்கத்தார் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இருந்தார்கள்.

சுட்டு வீழ்த்தி, பஞ்சடைத்து வைத்துத்தான் பறவையை ஆராய முடியும் என்றிருந்த காலம். அப்போதே கூட்டில் உயிரோடு இருக்கும் பறவையைப் படமாகக் கொண்டுவந்து காட்டியவர் அவர். முப்பது வருட உழைப்புக்கு இன்று பதக்கமும் புதுக் கேமராவும் கொடுத்திருந்தார்கள். "உங்க கையால சங்கத்துக்கு ஒரு படம்" என்று தலைவர்தான் ஆசையாகக் கேட்டார்.

சுவர் முழுக்க அவர் பெயர் போட்ட படங்கள். நடுவில் இருந்ததுதான் பிரபலமானது. அதில், செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, கழுகுக் கூட்டை மறைத்த கிளையை அவர் விலக்குகிறார். குஞ்சு வாயைப் பிளந்து அவரையே பார்க்கிறது.

"ஐயா, கழுத்து வலிக்குது!" பின்வரிசையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"சும்மா இருங்கப்பா" என்று செயலாளர் அதட்டினார். "வீட்டம்மா தவறி ஒரு மாசம்கூட ஆகல. கை நடுங்காதா?"

அந்தம்மாவை எல்லோருக்கும் தெரியும். பெண்களுக்குச் சங்கத்தில் அனுமதியில்லை. கூட்டம் முடியும்வரை, மழையானாலும் வெயிலானாலும், வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். கணவர் வெளியே வந்ததும், "எந்தப் படத்துக்கு ரொம்ப நேரம் கை தட்டினாங்க?" என்று கேட்பார். அதைச் சொல்லிச் சொல்லி இவர்கள் சிரித்ததுண்டு.

பெரியவர் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

தலைவர் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார். "முடியலன்னா விடுங்கய்யா. இன்னொரு நாள் எடுத்துக்கலாம்."

"என்னைக்குமே முடியாதுங்க."

கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி, தலைவரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"இத்தனை வருஷமா வாய் வரல. சொல்லிடறேன்னு கிளம்பினா, அவதான் கையைப் பிடிச்சுத் தடுத்துடுவா. சொன்னா படத்தையும் வெளிய தூக்கிப் போட்டுடுவாங்கன்னு பயம் அவளுக்கு."

"எதைச் சொல்றீங்க?"

"எனக்குக் கூடு தேடத்தான் தெரியும். படமெல்லாம் அவ எடுத்ததுங்க."