நடுச்சுவர்

“மேஸ்திரி, அந்தாளுகிட்ட சொல்லுங்க. சுவர் முக்காலடி கனம் இருக்கணும்!” என்றார் பெரியவர்.

‘அந்தாள்’ நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். பெரியவரின் சொந்தத் தம்பி.

மேஸ்திரி திரும்பினார். பெரியவரின் கட்டைக் குரலையே தொண்டைக்குள் வரவழைத்துக்கொண்டு, “சின்னவரே, சுவர் முக்காலடி கனம் இருக்கணுமாம்” என்றார்.

“ஒரு அடின்னாலும் சம்மதம்னு சொல்லுங்க. அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேக்கக் கூடாது.”

மூக்கால் பேசுகிற அந்தக் குரலையும், மூக்கோடு சேர்த்தே பெரியவரிடம் ஒப்படைத்தார் மேஸ்திரி. அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து அவருக்குக் கொத்து வேலை பாதி, டெலிபோன் வேலை பாதி.

எல்லாம் ஒரு ஏணியால் வந்த வினை. அண்ணனிடம் இரவல் வாங்கிய ஏணியில் ஏறி, தம்பி கீழே விழுந்தார். ஏணியும் ஒடிந்தது, காலும் ஒடிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அண்ணன், பதற்றத்தில் முதல் கேள்வியாக, “ஏணி எப்படிடா ஒடிஞ்சுது?” என்று கேட்டுத் தொலைத்தார்.

அவ்வளவுதான். ஏணிதான் முக்கியமா என்று தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராத்திரியெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனே, அது தெரியலையா என்று அண்ணன் முறுக்கிக்கொண்டார். கால் கூடிவிட்டது. பேச்சு கூடவில்லை.

இருப்பது ஒரே மனை. அதில் இரண்டு வீடு தனித்தனியாகக் கட்ட இடம் போதாது. அதனால் ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர் என்று முடிவானது. கட்டித் தருவது இருவருக்கும் மூத்தவளான அக்கா. அவள் இன்ஜினியர்.

கூரை கான்கிரீட் போட்டு, முட்டுப் பலகையெல்லாம் பிரித்தாகிவிட்டது. நடுச்சுவர் வரப்போகும் இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு மட்டும் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி. மறந்தும் ஒரு கால் கோட்டைத் தாண்டவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அக்கா உள்ளே வந்தாள்.

“முக்காலடியும் கிடையாது, ஒரு அடியும் கிடையாது. நாலரை இஞ்ச்தான்.”

“நாலரை இஞ்சா? அப்பளம் மாதிரி!” என்று கொதித்தார் அண்ணன். “நீ சின்ன வயசுலேர்ந்தே அவன் பக்கம்தான்கா.”

“என் பக்கமா? அப்புறம் ஏன் இந்தத் தூண் என் ஹாலுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது?” என்றார் தம்பி.

“என் ஹால்லயும்தான் நீட்டுது!”

“சோபா எங்க போடறதாம்?”

“அதான் நானும் கேக்கறேன்!”

எதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மேஸ்திரி இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சலித்துப்போனார்.

“பக்கத்து வீட்டைப் பாருக்கா” என்றார் அண்ணன். “ஒரு தூண் உண்டா, ஒரு பீம் உண்டா? நடுவுல கனமா ஒரு சுவர், அது மேல கான்கிரீட். ஹால் வழவழன்னு இருக்கு. இங்க தலைக்கு மேல இவ்ளோ பெரிய பீம். ஈரத்துண்டு காயப்போடவா?”

“அக்காவுக்குப் படிச்ச படிப்பைக் காட்டணும், அதான்” என்றார் தம்பி.

“ஆமாமா!” என்றார் அண்ணன்.

ஏணி ஒடிந்த பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“பக்கத்து வீட்டுல கூரையைத் தாங்கறதே அந்த நடுச்சுவர்தான்டா. அதுல கை வைக்க முடியாது. எடுத்தா கூரை உக்காந்துடும்.”

“எவன் எடுக்கப்போறான்?” இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

அக்கா தூணில் கையை வைத்தாள்.

“மேல பாருங்க. சுவர் இன்னும் ஒரு கல்லுகூட வைக்கல. கூரை நிக்குதா, இல்லையா?”

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். நின்றது.

“கூரை பாரம் மொத்தத்தையும் பீம் வாங்கி தூணுக்குக் குடுத்துடும். நீங்க கேக்கற சுவருக்கு இந்த வீட்டுல ஒரு வேலையும் இல்ல. கேட்டுட்டீங்க, கட்டித் தரேன். ஆனா என்னைக்காவது அது வேணாம்னு உங்களுக்குத் தோணும். அன்னைக்கு, ‘இடிச்சா வீடு விழுந்துடுமே’ங்கற சாக்கு மட்டும் உங்க ரெண்டு பேருக்கும் கிடைக்கக் கூடாது. அதுக்குத்தான்டா இவ்ளோ பெரிய பீம்.”

வெளியே கலவை மெஷின் கடமுடா கடமுடா என்று உருண்டுகொண்டிருந்தது.

மேஸ்திரி மெல்லக் கனைத்தார். “அப்ப... சுவர் வேலையை ஆரம்பிக்கட்டுமா?”

பெரியவர் சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கட்டைக் குரல் இன்னும் கட்டையாக வந்தது.

“கால்... இப்ப எப்படிடா இருக்கு?”

பழக்க தோஷம். மேஸ்திரி சட்டென்று திரும்பி, “சின்னவரே, கால் இப்ப எப்படி இருக்குன்னு...”

தம்பி கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

“எனக்கே கேட்டுச்சு மேஸ்திரி. நீங்க போய் டீ குடிங்க.”