செலினாவின் குரல்

கணவர் ஆரோக்கியம் வாங்காத கடனைக் கேட்டு மிரட்டும் அழைப்புகள் இப்போதெல்லாம் செலினாவின் காதுக்கே வருவதில்லை. அவர் பெயரை யார் சொன்னாலும், போனிலிருக்கும் காவல்செயலியே அழைப்பை எடுத்து, அவள் குரலிலேயே பேசி முடித்துவிடும்.

லாரியோடு போன ஆரோக்கியம் ஒரு வாரமாகியும் திரும்பவில்லை. தைத்துக்கொண்டே, வழியிலிருந்த அரசு மருத்துவமனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பேசி அவர் பெயரைச் சொல்லி விசாரித்தாள். நான்காவதில் ஒரு நர்ஸ் எடுத்தார்.

"செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டோமேம்மா. அடிபட்டுக் கெடந்தவரு உங்க நம்பரத்தான் சொன்னாரு. மறுநாளே தவறிட்டாரும்மா."

செலினா தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை. "நான் என்ன சொன்னேன்?"

நர்ஸ் அன்றைய அழைப்பின் பதிவை ஓடவிட்டார். அவள் குரல் பதறாமல் சொன்னது: "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்க. இனிமே கூப்பிடாதீங்க."

"அவருக்குக் கேட்டுச்சா?"

"ஸ்பீக்கர்லதாம்மா போட்டிருந்தோம்."