மதர்போர்டில் பொட்டு

“செவப்பு, மஞ்ச நிறத்துல ஏதோ அப்பியிருக்காம். மூணு இடத்துல. அதனால வாரண்டி கிடையாதுன்னு சென்னையில இருந்து எழுதியிருக்காக, மேடம்.”

தேனி சர்வீஸ் சென்டரில், கவுண்டருக்குப் பின்னால் நின்ற மாரிசெல்வம் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னான். ஹேமாவதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹேமாவதி மெதுவாகத் திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள். ஈஸ்வரபாண்டி அவசரமாகச் சுவரில் இருந்த பிரிண்டர் விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தான்.

“செவப்பு, மஞ்ச,” என்றாள். “குங்குமம், சந்தனம்.”

“நான் இல்ல ஹேமா.”

“தோட்டத்து மோட்டாருக்குப் பொட்டு. மருந்தடிக்கிற மிஷினுக்குப் பொட்டு. போன வருசம் வாஷிங் மிஷினுக்கு மாலையே போட்டீக. வேற யாரு?”

“கம்ப்யூட்டருக்கும் வச்சேன், இல்லங்கல. வாங்குன அன்னிக்கு, வெளிய, கண்ணாடி மேல ஒண்ணே ஒண்ணு.”

“அன்னிக்கு மூடி தெறந்துதான கெடந்துச்சு? நான் காபி போடப் போன நேரத்துல கைய உள்ள விட்டுட்டீக.”

“வீரபாண்டி கௌமாரி ஆத்தா மேல சத்தியமா உள்ள வைக்கல.”

பண்ணைப்புரத்தில், அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர்தான் ஹேமாவதியின் பள்ளிக்கூடம். துபாயிலும் சிங்கப்பூரிலும் வளரும் ஒன்பது பிள்ளைகளுக்கு அதன் வழியாகத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தாள். எங்கோ பதினேழாவது மாடியில் ஒரு குழந்தை முதன்முறையாக ‘ழ’வைச் சரியாகச் சுழிக்கும்போது, மலையில் இருந்து இறங்கிய மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டுப் போனதுபோல இருக்கும் அவளுக்கு.

மதர்போர்டு செத்து ஆறு வாரம். கைபேசியின் சின்னத் திரையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒன்பது பேர் ஐந்து பேராகிவிட்டார்கள்.

“ஆறு வாரமா அலையிறேன் தம்பி,” என்றாள் மாரிசெல்வத்திடம். “வாரண்டி மூணு வருசம். வாங்கி நாலு மாசம்கூட ஆகல. வந்து கேக்குறப்பெல்லாம் சென்னைக்கு அனுப்பியாச்சு, அனுப்பியாச்சுன்னீக. போன் பண்ணுனா பாட்டுப் போடுறாக. பாட்டு முடிஞ்சதும் ஒரு பொண்ணு, ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ங்குது. எதத் தீத்தீக?”

“அது சிஸ்டம் தானாச் சொல்றது மேடம்.”

“அந்த சிஸ்டத்துல மட்டும் மதர்போர்டு சாக மாட்டேங்குதே!”

மாரிசெல்வம் சிரிக்கவில்லை. பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

“மறுபடி பாக்கச் சொல்ல முடியாதா?”

“புதுசா புகார் போடணும். ஏழுல இருந்து பத்து வேலை நாள் ஆகும்.”

“திங்கக்கெழம கிளாஸ் நடக்கலைன்னா மிச்சம் இருக்குற அஞ்சு பேரும் வேற டீச்சரப் பாத்துக்கிறோம்னுட்டாக. பத்து நாளு கழிச்சு நான் யாருக்கு எழுதிக் காட்ட? சுவத்துக்கா?”

மாரிசெல்வம் வாசலுக்குப் போய், எதிர்க் கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு வந்தான். இந்த ஆறு வாரத்தில் அந்த சென்டரில் அவர்களுக்கு யாரும் உட்கார நாற்காலிகூடக் கொடுத்ததில்லை.

டீ வந்தது. ஹேமாவதி தொடவில்லை. அவள் கண்ணில் நீர் முட்டி நிற்பதைப் பார்த்த ஈஸ்வரபாண்டி, தன் டம்ளரை வைத்துவிட்டுக் கவுண்டர்மேல் குனிந்தான்.

“தம்பி, நான்தான் வச்சேன். உள்ளதான் வச்சேன். மூணு இடத்துலயும் நான்தான். அவ மேல ஒரு தப்பும் இல்லன்னு வேணும்னா எழுதித் தாரேன். அவளுக்கு ஒரு போர்டு மட்டும் தரச் சொல்லுங்க.”

“ஏங்க!” ஹேமாவதி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “இப்பத்தான கௌமாரி மேல சத்தியம் பண்ணுனீக?”

“பண்ணுனேன்.”

“அப்ப இது பொய்யா?”

“யாராச்சும் ஒத்துக்கிட்டாத்தான இவுக ஏதாச்சும் செய்வாக? வருசா வருசம் தீச்சட்டி எடுக்குறவன், ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். உன் பிள்ளைகள்ட்ட யாரு பேசுறது?”

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். “செய்யாத தப்ப ஒத்துக்கிறதுக்கு என்ன அவசரம் உங்களுக்கு? டீயக் குடிங்க, ஆறுது.”

மாரிசெல்வம் மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை அணைத்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன் பக்கத்து மூடியைக் கழற்ற ஆரம்பித்தான்.

“என்ன தம்பி பண்றீக?”

“இது கம்பெனியோடது இல்ல, என் சொந்த சிஸ்டம். உங்க மாடல்தான். இந்த போர்டக் கொண்டு போய் மாட்டி, திங்கக்கெழம கிளாஸ் எடுங்க.”

“உங்களோடத எதுக்கு எங்களுக்குத் தாரீக?”

“அண்ணன வையாதீகக்கா.” குனிந்த தலை நிமிரவில்லை. “அனுப்பியாச்சுன்னு சொன்னது பொய். ஆயுத பூஜை முடியிற வரைக்கும் உங்க போர்டு இந்த மேசையிலதான் கெடந்துச்சு. அன்னிக்கு இங்கன இருந்த எல்லாத்துக்கும் ஒவ்வொரு பொட்டு வச்சேன். நீங்க வந்து நின்னுட்டு வெறுங்கையோட போற மொகம் ஞாபகம் வந்துச்சு, ஆத்தா புண்ணியத்துல எந்திரிக்கட்டும்னு உங்க போர்டுக்கு மட்டும் மூணு வச்சேன்.”